வேங்கைத் தாதும் பொய்ச் சுணங்கும்

முகத்தில் செயற்கையாகப் புள்ளி வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது மாணவர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. ஃப்ரெக்கிள்ஸ் எனப்படும் பழுப்புப் புள்ளிகளை மூக்கின் மேலும் கன்னத்திலும் புருவப் பென்சிலால் இட்டு, விரல் நுனியால் ஒற்றி மங்கச் செய்கிறார்கள். சில நாள் நிலைக்க வேண்டுமென்றால் மருதாணிக் குழம்பைப் பயன்படுத்துகிறார்கள். நாடக ஒப்பனையிலும் வேடப் போட்டிகளிலும் இருந்தது இன்று அன்றாட அலங்காரமாகிவிட்டது. இது முற்றிலும் மேற்கிலிருந்து வந்த வழக்கம், நம் மரபில் இதற்கு இணை ஏதும் இல்லை என்ற பேச்சையும் உடன் கேட்கிறோம். இந்த இரண்டாம் கூற்றைப் பற்றியே இந்தப் பதிவு. இயற்கையாகத் தோலில் தோன்றும் ஒரு குறியை அழகெனக் கொண்டு, அது இல்லாதவர்கள் அதைச் செயற்கையாக உண்டாக்கிக்கொண்டதற்கு மிகத் தெளிவான சான்று பத்துப்பாட்டில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. அச்சான்றை நாம் நறுமணப் பூச்சு என்று மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம்.

மேற்கத்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கறுப்புப் பட்டுத்துணியை வட்டமாகவும் பிறையாகவும் வெட்டிப் பசையால் முகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சில் இதற்குப் பெயர் ‘மூஷ்’, அதாவது ஈ. அம்மைத் தழும்பை மறைக்கவும் அது உதவியது. 1711இல் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், லண்டன் நாடக அரங்கில் இரு அரசியல் கட்சிகளையும் சார்ந்த பெண்கள் முகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இத்துணுக்குகளை ஒட்டிக்கொண்டு அமர்ந்திருந்ததாகக் கேலியாக எழுதினார். ஆனால் இவை ஃப்ரெக்கிள்ஸ் அல்ல. உண்மையான ஃப்ரெக்கிள்ஸ் நெடுங்காலம் குறையாகவே கருதப்பட்டன. அவற்றைப் போக்கப் பாதரசம் கலந்த களிம்புகள் கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்கப்பட்டன. களிம்பு பூசி அழித்த அதே புள்ளியை இன்று பென்சிலால் வரைகிறார்கள். அழிப்பதும் வரைவதும் ஒரே நாட்டில், நூறாண்டு இடைவெளியில் நடந்திருக்கின்றன.

இனி நம் பக்கம் வருவோம். சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் தோன்றும் குறிகளுக்கு மூன்று சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: சுணங்கு, திதலை, தித்தி. சுணங்கு பெரும்பாலும் மார்பிலும் ஆகத்திலும், திதலை பெரும்பாலும் இடைக்குக் கீழும் சொல்லப்படுகின்றன. உரையாசிரியர்கள் இவற்றைப் பெரும்பாலும் ‘தேமல்’ என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுகிறார்கள். பிற்கால உரைகள் சங்கடம் உணர்ந்ததாலோ என்னவோ, ‘அழகுத்தேமல்’ என்று ஒரு அடைமொழியைச் சேர்த்துக்கொள்கின்றன. இன்றைய வழக்கில் சுணங்கு என்றால் யாருக்கும் மேனி நினைவுக்கு வராது. சுணக்கம், தாமதம், கோப்பு நகராமை ஆகியவையே நினைவுக்கு வரும். ஒரு அழகுச் சொல் இப்படி வழக்கொழிந்து, அதன் ஒலி மட்டும் அலுவலகத்தில் தங்கிவிட்டது.

சுணங்கின் நிறம் என்ன என்பதில்தான் முதல் தெளிவு வேண்டும். ஃப்ரெக்கிள்ஸ் என்பது வெளுத்த தோலில் வெயில் பட்டுத் தோன்றும் கருமை. மெலனின் நிறமி சிற்சில இடங்களில் மட்டும் மிகுவதால் வருவது. கரிய தோலில் அது எளிதில் புலப்படாது. சங்கப் பாடல்களின் சுணங்கோ இதற்கு நேர்மாறானது. கருமையான மேனியில் தோன்றும் பொன்னிறம் அது. பொன்னோடும் வேங்கைப் பூவோடும் அதை ஒப்பிடுவதன் காரணம் இதுதான். ‘மாமை’ எனப்படும் மாந்தளிர் போன்ற கரிய நிறமே அப்பாடல்களில் பேரழகு. அந்தக் கருமையைப் பின்புலமாகக் கொண்டால்தான் சுணங்கு தெரியும். வெண்மையை அழகெனக் கொள்ளும் கண்ணுக்குச் சுணங்கு தெரியவே தெரியாது. ஆங்கிலத்தில் இதை ஃப்ரெக்கிள்ஸ் என்று மொழிபெயர்ப்பது வசதிதான், ஆனால் அவ்வாறு செய்யும்போது தோலின் நிறமே தலைகீழாகிவிடுகிறது.

மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் ஒரு ஐயம் உண்டு. பசலையும் மேனியில் படரும் மஞ்சள் நிறம்தானே, சுணங்கும் அதுவும் ஒன்றா? அல்ல. பசலை பிரிவால் வருவது, நோய். குறுந்தொகை 399ஆம் பாட்டில் பசலை, ஊருண்கேணியின் பாசிக்கு ஒப்பிடப்படுகிறது. காதலன் தொட்டால் விலகும், விட்டால் மீண்டும் பரவும். சுணங்கு அப்படித் தொட்டு விலகுவதல்ல. இவ்வேறுபாட்டை ஒரே பாட்டுக்குள் மிகக் கூர்மையாகக் காட்டுபவர் வெள்ளிவீதியார். குறுந்தொகை 27ஆம் பாட்டில், கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் வழிந்து வீணாகும் நல்ல பசுவின் பாலைப் போலத் தன் அழகு வீணாவதைத் தலைவி சொல்கிறாள். தனக்கும் ஆகாமல், தலைவனுக்கும் உதவாமல் பசலை அதை உண்ண விரும்புகிறது என்கிறாள். பசலை உண்ணவிருக்கும் அந்த அழகு எது? திதலை படர்ந்த அவளது மேனியின் மாமை. பசலை, திதலை, மாமை மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. திதலையும் மாமையும் அவள் உடைமை, பசலை கொள்ளைக்காரன். வெளிறிய நிறம் எல்லாம் ஒன்றுதான் என்று அந்தப் புலவர் நினைத்திருந்தால் இந்தப் பாட்டே பிறந்திராது.

இப்போது வேங்கை. தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் பெருமரம், மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூத்து உதிரும். அப்பூக்களைக் குறிஞ்சிப் புலவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குக் குறுந்தொகை 47 நல்ல எடுத்துக்காட்டு. வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை, இரவில் புலிக்குட்டியைப் போலத் தோன்றுகிறதாம். கரிய பரப்பு, அதன் மேல் ஒழுங்கின்றிச் சிதறிய மஞ்சள். சுணங்கை வேங்கைப் பூவோடு ஒப்பிடும் பாடல்களிலும் இதே காட்சி இலக்கணம்தான் இயங்குகிறது. பாறையின் இடத்தில் மேனி. உவமை பூவின் மென்மைக்கோ மணத்துக்கோ மட்டுமாக வந்ததல்ல, கருமையின் மேல் பொன் சிதறிய தோற்றத்துக்காக வந்தது.

இந்தப் பின்னணியோடு திருமுருகாற்றுப்படையின் தொடக்கப் பகுதிக்குச் செல்லுங்கள். (பத்துப்பாட்டின் முதற்பாட்டாக வைக்கப்பட்டாலும், தொகை நூல்களின் பெரும்பகுதிக்கு அது காலத்தால் பிந்தியது என்பதே பல ஆய்வாளர் கருத்து. என் வாதத்துக்கு அது இடையூறல்ல, துணை. காரணம் பின்னால்.) மலைச்சோலையில் சூரரமகளிர் ஆடுகிறார்கள். அவர்களது கால், இடை, தோள், ஆடை, அணி என்று நக்கீரர் வரிசையாக வருணிக்கிறார். அவ்வருணனையில் இரண்டு குறிப்புகளை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று, அவர்கள் அழகு யாரும் கையால் புனைந்து உண்டாக்கியது அல்ல என்கிறார். மற்றொன்று, அவர்கள் மேனி குற்றம் நீங்கிய மேனி என்கிறார். இவ்விரண்டையும் சொன்ன பிறகு, அதே மகளிர் ஒப்பனை செய்துகொள்வதை விரிவாகக் காட்டுகிறார். தலையில் அணி வைக்கிறார்கள், நெற்றியில் திலகம் இடுகிறார்கள், பூச்சூடுகிறார்கள். பிறகு மணமிக்க சந்தனக் கட்டையை உரைத்த குழம்பை மார்பில் அப்புகிறார்கள். அதன் மேல் விரிந்த வேங்கைப் பூவின் நுண்ணிய தாதை அப்புகிறார்கள்.

சுணங்குக்கு உவமையாகப் பாடல்களில் வந்து நின்ற அதே பூ. சுணங்கு தோன்றும் அதே இடம். ஈரச் சந்தனத்தின் மேல் ஒட்டுவதால் சீராகப் பரவாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பதியும் நுண்பொடி. இதைச் செயற்கைச் சுணங்கு என்று அழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

குற்றம் நீங்கிய மேனி என்ற குறிப்பு இங்கேதான் பொருள் பெறுகிறது. மானிடப் பெண்ணுக்குச் சுணங்கு தானே அரும்புகிறது. அணங்குகளின் மேனியில் எந்தப் புள்ளியும் இல்லை. அது தெய்வத்தன்மையின் அடையாளம். ஆனால் புள்ளி இல்லாத மேனி, அந்த அழகியலில், ஏதோ ஒன்று குறைந்த மேனி. ஆகவே தேவமகளிர் மானிடப் பெண்களைப் பார்த்துப் படியெடுக்கிறார்கள். வழக்கமாக நாம் எதிர்பார்க்கும் திசைக்கு இது நேர்மாறானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாது அப்புவது மணத்துக்காக மட்டும் இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சந்தனமும் பூந்தாதும் நறுமணப் பொருள்கள். ‘சுண்ணம்’ எனும் நறுமணப் பொடியை உடலில் தூவும் வழக்கமும் இருந்தது. ஆனால் மணம் மட்டுமே நோக்கமானால் எந்தப் பூவின் தாதும் போதும், அல்லது சுண்ணமே போதும். குறிப்பாக வேங்கையைத் தேர்ந்ததற்கும், அதை மார்பில் இட்டதற்கும் மணம் மட்டும் விடையாகாது. மேலும், நக்கீரர் காலத்துக்குள் வேங்கை–சுணங்கு உவமை புலவர் மரபில் ஊறிப்போன ஒன்று. திருமுருகாற்றுப்படை பிந்தியது என்றால் இந்த வாதம் வலுப்படவே செய்கிறது. உவமையாக இருந்தது அங்கே செயலாக மாறியிருக்கிறது. முன்னோர் ‘வேங்கைப் பூப் போன்ற சுணங்கு’ என்றார்கள். இவர் வேங்கையையே எடுத்துச் சுணங்கு செய்கிறார்.

இதைத் தொய்யிலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொய்யில் என்பது சந்தனம் முதலிய குழம்பால் தோளிலும் மார்பிலும் எழுதப்படும் கோலம். கொடியாகவும் கரும்பாகவும் எழுதினார்கள். காதலன் தன் கையால் காதலிக்கு எழுதிவிடுவதும் உண்டு. தொய்யிலின் அழகே அது எழுதப்பட்டது என்று தெரிவதில்தான் இருக்கிறது. யார் எழுதினார், எப்போது எழுதினார், அது ஏன் அழிந்திருக்கிறது என்பதெல்லாம் பாட்டின் பொருளாகும். வடமொழி மரபில் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. காமசூத்திரம் கூறும் அறுபத்து நான்கு கலைகளில் ‘விசேஷகச்சேத்யம்’ ஒன்று. நெற்றியிலும் கன்னத்திலும் இடுவதற்கான இலை வடிவங்களை நறுக்கும் கலை அது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் பார்வதியின் மணக்கோலத்தில் வெள்ளகிலும் கோரோசனையும் கொண்டு உடலில் இலைக்கோலம் எழுதப்படுகிறது. அதே காவியத்தின் மூன்றாம் சருக்கத்தில் திடீரென வசந்தம் வந்ததும் கிம்புருட மகளிரின் கன்னத்து இலைக்கோலத்தில் வியர்வை அரும்புகிறது. இன்று வங்காள மணமகளின் நெற்றியிலும் கன்னத்திலும் வைக்கும் சந்தனப் புள்ளிகளை நேரில் பார்ப்பவர்களுக்கு இம்மரபின் தோற்றம் எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். இவை யாவும், ஐரோப்பாவின் பட்டுத்துணுக்கைப் போலவே, தம்மை ஒப்பனை என்று அறிவித்துக்கொள்ளும் ஒப்பனைகள்.

வேங்கைத் தாது வேறு வகை. அது தன்னை ஒப்பனை என்று சொல்லிக்கொள்வதில்லை. தோலிலேயே அரும்பியது போல நிற்க முயல்கிறது. ஃப்ரெக்கிள்ஸ் வரைபவர்களுக்கு உள்ள முதல் சிக்கலும் இதுவே. புள்ளிகள் ஒரே அளவாகவும் ஒரே இடைவெளியிலும் அமைந்தால் கோலம் ஆகிவிடும். அளவை மாற்ற வேண்டும், சிலவற்றை மங்கவைக்க வேண்டும், ஓரிடத்தில் நெருக்கி ஓரிடத்தில் விட வேண்டும். கை இயல்பாகவே ஒழுங்கை நாடுவதால் இது கடினம். தூரிகை முனையைத் தட்டிச் சாயத்தைத் தெறிக்கவிடுவது இதற்காகத்தான். ஈரத்தின் மேல் நுண்பொடியை அப்புவதும் இதே தீர்வு. எங்கே எவ்வளவு ஒட்டும் என்பதைக் கை முடிவு செய்வதில்லை.

தொல்காப்பியக் களவியலில் இதோடு உரசும் ஒரு செய்தி இருக்கிறது. முதன்முதலாகப் பெண்ணைக் காணும் தலைவன், இவள் அணங்கோ மானிடப் பெண்ணோ என ஐயுறுகிறான். அந்த ஐயத்தைப் போக்கும் அடையாளங்களாக வண்டு மொய்த்தல், அணிகலன், பூ, கண் இமைத்தல், அச்சம் முதலியவற்றோடு ‘வள்ளி’ என்பதையும் தொல்காப்பியர் சொல்கிறார். வள்ளி என்பதற்கு உரை தரும் பொருள் தொய்யிற்கொடி. உடலில் எழுதப்பட்ட கோலம் இருந்தால் அவள் மானிடப் பெண், தெய்வத்துக்கு அது தேவையில்லை என்பது அதன் உட்கிடை. நக்கீரரின் சூரரமகளிர் இந்த விதிக்குள் அடங்கவில்லை. ஆனால் அவர் அவர்களுக்குத் தொய்யில் எழுதவில்லை, தாதை அப்பவிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி ‘தேமல்’ பற்றி. இச்சொல் இன்று தோல் மருத்துவரிடம் நாம் சொல்லும் நோயின் பெயர். மனிதத் தோலில் இயல்பாகவே வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, வெப்பமும் ஈரமும் எண்ணெய்ப்பசையும் கூடும்போது பெருகி, நிறமி உருவாவதைப் பாதிக்கிறது. மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. இளையோரிடம் மிகுதி, வெப்பமண்டல நாடுகளில் மிகுதி. இதில் பூஞ்சை இருப்பதை ஜெர்மானியரான ஐஷ்டெட் 1846இல் கண்டறிந்தார். இடமும் நிறமும் சுணங்கைப் பற்றிய வருணனைக்கு மிக அருகில் வருகின்றன. ஆகவே உரையாசிரியர்கள் சொன்னது உடலியல் நோக்கில் சரியாகவே இருக்கலாம்.

ஆனால் இதிலிருந்து ‘சங்கப் புலவர்கள் ஒரு பூஞ்சை நோயைப் பாடினார்கள்’ என்று வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லும் முடிவுக்குச் செல்வது வரலாறு அல்ல. பூஞ்சை நோய் என்ற வகைப்பாடு 1846க்குப் பிந்திய பூஞ்சையியலோடு சேர்ந்து வந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கண் அந்தத் திட்டைப் பார்த்து என்ன பெயரிட்டது, எதனோடு ஒப்பிட்டது என்பதே நமக்குரிய கேள்வி. அது பூவோடு ஒப்பிட்டது. பசலை என்ற வேறொரு வெளிறலுக்கு நோய் என்றே பெயரிடத் தெரிந்த அதே கண்தான் இதைப் பூ என்றது. அதற்கு வேறுபாடு தெரியாமல் இல்லை. உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல். குறுந்தொகைக்குத் தம் உரையோடு அவர் பதிப்புத் தந்தது 1937இல். ‘தேமல்’ என்ற உரைச்சொல் அச்சேறிப் பரவிய அதே காலத்தில் அச்சொல்லின் மருத்துவப் பொருளும் உறைந்துகொண்டிருந்தது. இன்றைய மாணவர் பொழிப்புரையில் தேமல் என்று படிக்கும்போது களிம்புக் குழாய் நினைவுக்கு வருவது அவர் பிழையல்ல. சொல் இடம் மாறிவிட்டது. பாடப் பதிப்புகளில் சுணங்கைச் சுணங்கு என்றே விட்டு, ‘கரிய மேனியில் அரும்பும் பொன்னிறப் புள்ளிகள்’ என்று அடிக்குறிப்பு இடுவது நல்லது என்பது என் பரிந்துரை.

சங்கக் காட்சிகளை மேடையேற்றும் நண்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நான் பார்த்த சங்கப் பொருள் கொண்ட நாட்டிய நாடகங்களில் ஒப்பனையின் முதல் வேலை ஆடுபவரின் நிறத்தை இரண்டு படி வெளுக்கச் செய்வது. அதன் பிறகு தோளில் வெள்ளைக் கோட்டில் கொடி எழுதித் தொய்யில் என்கிறார்கள். வெளுத்துவிட்ட தோலில் சுணங்குக்கு இடமே இல்லை. எனவே அது மேடைக்கு வருவதும் இல்லை. செய்ய விரும்புபவர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ஆடுபவரின் கரிய நிறத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மஞ்சள் கலந்த சந்தனத்தை நெக்குப்பட்டையிலும் தோளிலும் மெல்லியதாக ஒற்றி, காயும் முன் நுண்ணிய மஞ்சட்பொடியை விரல் நுனியால் உதிர்க்கலாம். தூரிகையால் புள்ளி வைத்தால் அம்மை போலத் தெரியும். பழுப்புப் பென்சில் வேண்டவே வேண்டாம், அது வேறொரு தோலின் புள்ளி.

கடைசியாக ஒரு பாட்டு, இதை எப்படிப் படிப்பது என்று நெடுநாளாக நண்பர்களோடு வாதாடிவருகிறேன். கலித்தொகை 18. பொருள் தேடிப் பிரிய எண்ணும் தலைவனைத் தடுக்கும் பெண்குரல், அவனை இரண்டு பொருள்களை நினைத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, அவன் விரும்பித் தோளில் எழுதிய தொய்யில். மற்றொன்று, அவனது வலிய மார்பில் உள்ள சுணங்கு. தொய்யில் அவளுடையது, சுணங்கு அவன் மார்பில். சொற்களை வேறு வகையில் கூட்டி, அவன் மார்பைத் தழுவியதால் அவளிடம் தோன்றிய சுணங்கு என்றும் கொள்ள முடியும். ஆனால் சொற்கள் நிற்கும் வரிசைப்படி படித்தால் அது அவன் மார்பில்தான் இருக்கிறது. ஆணுக்கும் சுணங்கு உண்டு என்று கொண்டால், மகளிர்க்கு மட்டுமே உரியதாக நாம் வகுத்த வரையறை தளர்கிறது. அவளிடமிருந்து அவன் மேல் ஒட்டியது என்று கொண்டால், ஒட்டக்கூடிய சுணங்கு தோலில் அரும்பியதாக இருக்க முடியாது. அது தாதாகவோ பொடியாகவோ இருந்தாக வேண்டும். சூரரமகளிர் சோலையில் செய்ததை இவளும் தன் வீட்டில் செய்திருக்கிறாள். அவன் எழுதிய தொய்யில் அவள் தோளிலும், அவள் அப்பிய வேங்கைத் தாது அவன் மார்பிலுமாக, ஒருவர் கைவேலை மற்றவர் உடலில் இருக்கிறது. இரண்டாவது வாசிப்பின் பக்கமே நான் நிற்கிறேன்.